டீசலுக்குத் தாகமில்லை

பழைய இரும்புக்கு விலை குறித்துவரத்தான் அனுப்பினார்கள்.
போர்ட் அகஸ்டாவிலிருந்து ஐந்து மணி நேரம்.
கடைசி ஒன்றரை மணி நேரம்
சாலை என்பது ஓர் அபிப்பிராயம்.

பெயர்ப்பலகை குப்புறக் கிடந்தது. புரட்டினேன்.
ஹென்ரியெட்டா சைடிங்.
அடியில் ஒரு பல்லி,
ஊரின் மொத்த மக்கள்தொகை.

ஹென்ரியெட்டா இங்கே வந்ததே இல்லை.
தடம் அளந்த எஞ்சினியரின் மைத்துனி அவள்,
அடிலெய்டில் பியானோ பழகிக்கொண்டிருந்தாள்.
ஊற்றுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது.
சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.
யாரும் கேட்கவில்லை.

ஊர் பிறந்தது தாகத்தால்.
மனிதத் தாகம் அல்ல.
நீராவி எஞ்சின் நாற்பது மைல் ஓடினால்
நாக்குத் தள்ளி நின்றுவிடும்.
நின்ற இடத்தில் ஒரு தொட்டி,
தொட்டிக்கு ஒரு பம்பு, பம்புக்கு ஓர் ஆள்,
ஆளுக்கு மனைவி, அவள் பேச ஓர் அண்டை வீடு,
அண்டை வீட்டுச் சண்டைக்கு ஒரு போலீஸ்காரர்,
போலீஸ்காரர் குடிக்க
ஓட்டிலி நோஸ்கெயின் ஹோட்டல்.

அத்தனைக்கும் மரமும் ஆணியும்
ஷேர் ஜமானின் ஒட்டகங்கள் சுமந்தன.
தன் பிழைப்பை முடிக்கப்போகும் ஸ்லீப்பர் கட்டைகளையும்
அவன்தான் ஏற்றிவந்தான்.
கூலி பாக்கியில்லை என்கிறது பதிவேடு.
பதிவேட்டை எழுதியது அவனல்ல.

மூன்று வருடம் மழையும் பெய்தது.
ஏர் போகும் வழியில் மழை வரும் என்று நம்பி
கோதுமை விதைத்தார்கள்.
மழைக்கு அப்படி நம்பிக்கை ஏதும் இல்லை.
ஆனாலும் ரயில் நின்றது, தண்ணீர் குடித்தது,
நிற்கிற இருபது நிமிடத்தில்
ஊர் தன்னை விற்றது: ரொட்டி, பீர், நேற்றைய செய்தி.
ஒரு கல்யாணம்கூட அந்த இருபது நிமிடத்தில் பேசி முடிந்ததாம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டீசல் வந்தது.
டீசலுக்குத் தாகமில்லை.
விசில் மட்டும் அடித்தது,
தெரிந்தவர் வீட்டைக் கடக்கும் பஸ்ஸிலிருந்து
இறங்காமலே கையசைப்பதுபோல.

வீடுகள் ரயிலேறிப் போயின,
கதவு, சன்னல், கூரைத் தகரம்.
ஹோட்டலின் படிக்கட்டை மட்டும்
யாருக்கும் எடுத்துப்போகத் தோன்றவில்லை.
மூன்று படி ஏறினால் வானம்.

பம்பு அறையில் டிரெம்பத்தின் கணக்குப் புத்தகம் இருந்தது.
இறைத்தது ஒன்பதாயிரம் காலன். கொடுத்தது ஒன்பதாயிரம்.
பக்கம் பக்கமாக, வருடம் வருடமாக, அதே சாய்ந்த கையெழுத்து.
அந்தச் செவ்வாய்க்குப் பிறகு:
இறைத்தது ஒன்பதாயிரம். கொடுத்தது இல்லை.
நிறுத்தச் சொல்லி அவருக்கு யாரும் கடிதம் போடவில்லை.
ஊரைக் கைவிட்டவர்கள்
கைவிட்டதைச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.
நாற்பத்தொரு நாள் இறைத்திருக்கிறார்.
தொட்டி வழிந்து, தடத்தோரம் ஓடி,
செம்மண் பள்ளத்தில் தேங்கியிருக்கிறது.

குறிப்புப் பத்தியில் பத்தொன்பதாம் நாள்:
வாத்துகள். பதினாறு.
முப்பதாம் நாள்: பெயர் தெரியாத மஞ்சள் பூ.
முப்பத்தேழாம் நாள்: மூன்று பேர் வந்தார்கள்.
குடித்தார்கள்.
இந்த இடத்தின் பெயரைக் கேட்டேன், சொன்னார்கள்.

கீழே அதை எழுதிப் பார்த்திருக்கிறார்.
நான்கு முறை. நான்கும் அடித்திருக்கிறது.
இருக்கிற ஒரே 'என்'னைத்
தலைகீழாக்கியும், மேலே புள்ளி வைத்தும்,
பேனா காகிதத்தைக் கிழிக்கும்வரை அழுத்தியும்.

என் மொழியில் ந உண்டு, ன உண்டு, ண உண்டு.
வெயிலில் நின்று ஒவ்வொன்றாக
வாயில் வைத்துப் பார்த்தேன்.
நாக்கு பல்லைத் தொட்டது, பின்வாங்கியது, மடங்கியது.
எது சரி என்று சொல்ல ஆளில்லை.

படிவத்தில் எழுதினேன்:
தொட்டி, நான்கு டன். பம்பு, துரு, அரை விலை.
காகிதத்துக்குக் கட்டம் இல்லை.

பலகையைக் கவிழ்த்தே வைத்துவிட்டு வந்தேன்.
பல்லிக்கு நிழல் வேண்டும்.